படகுத் தளத்தை அழிப்பது மழைத்தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளைக் கழுவி மறுபடி தொழிலுக்கு இறக்கும் நாட்கள் இவை. அணியத்துத் தளத்தில், அதாவது படகின் முன்பக்கத் தளத்தில், கால் வைத்தால் பலகை உள்வாங்குகிறது என்ற குறை இப்போதுதான் அதிகம் வரும். உப்புத்தண்ணீர் தின்றுவிட்டது என்று முடிவு கட்டி, பழைய பிளைவுட்டைப் பெயர்த்துவிட்டுப் புதியதை ஆணியடித்து, மேலே கண்ணாடியிழை விரிப்பான மேட் ஒன்றை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்ததும் அதே இடம் மறுபடி மக்குகிறது. உழைத்துச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறோம்.

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. உப்புநீரில் அது சரியாக வளராது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்று, காற்றும் கிடைத்து, நல்ல தண்ணீரும் சேர்ந்தால் செழித்து வளரும். கடலில் ஓடும் படகைவிடக் கரையில் மழையில் நனைந்து கிடக்கும் படகின் தளம் சீக்கிரம் போவது இதனால்தான். மழைத்தண்ணீர் ஃபைபரைத் துளைத்துக்கொண்டு இறங்குவதில்லை. கயிறு கட்டும் கொண்டி, மூடியின் கீல், விளக்குக் கம்பம் இவற்றை முடுக்கிய திருகாணித் துளைகள் வழியாகவும், பூசாமல் விட்ட பலகை ஓரங்கள் வழியாகவும் இறங்குகிறது. பலகையின் முகத்தைவிட வெட்டிய ஓரம் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் இழுக்கும். மேல்பக்கம் ஃபைபர், கீழ்ப்பக்கம் வெறும் பெயின்ட் என்று விட்டால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும்.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கிரைண்டரை எடுக்கக் கூடாது. சிறு சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை 'டண்' என்று பேசும், மக்கியது 'தொம்' என்று அடங்கும். சந்தேகமான இடங்களில் 5 மி.மீ. துளையிட்டு, வெளியே வரும் மரத்தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் கெட்டது. அந்தக் கறுப்பு முடியும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கோடு போட்டு வெட்டுங்கள். நைந்த இடத்தை மட்டும் வெட்டினால், பக்கத்துப் பலகையில் ஏற்கெனவே இறங்கிய பூஞ்சையின் மேல் புதுப்பலகையை ஒட்டுவதாகிவிடும்.

வெட்டும்போது படகின் பக்கச் சுவரை ஒட்டி 5 செ.மீ. அகலத்துக்குப் பழைய ஃபைபர் விளிம்பை விட்டுவிடுங்கள். புதுத்தளம் உட்காருவதற்கும் இணைப்பதற்கும் அதுதான் ஆதாரம். ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் கனத்துக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன, அவற்றை அறுத்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும். தளம் திறந்ததும் அந்தச் சட்டங்களையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். பல படகுகளில் அவையும் உள்ளே மரம்தான்.

தளத்தின் அடியில் மிதப்புக்காக நிரப்பியிருக்கும் நுரையைக் கட்டாயம் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பி.யு. (பாலியூரித்தேன்) நுரை ஒரு கன அடி, தண்ணீருக்குள் ஏறத்தாழ 27 கிலோ சுமையைத் தாங்கும். தண்ணீர் குடித்த நுரை அதைத் தாங்காது, தன் கனத்தையும் படகின்மேல் ஏற்றும். கனக்கும் துண்டுகளை எடுத்துவிட்டு அதே அளவுக்குப் புது நுரை வையுங்கள். எடுத்ததைத் திரும்ப வைக்காமல் தளத்தை மூடுவது மன்னிக்க முடியாத தவறு. படகில் தண்ணீர் ஏறும் நாளில் ஆட்கள் பிடித்துக்கொள்ள அந்த மிதப்பு ஒன்றுதான் இருக்கும். தெர்மகோல் வைப்பதானால், மேட்டை ஊறவைத்து இறுகும் திரவமான ரெசின் படாமல் பாலிதீனில் சுற்றி வையுங்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்துபோகும்.

பிறகு காயவிட வேண்டும். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரு அடி சதுரப் பாலிதீன் தாளை உள்பக்கத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் ஒட்டிய ஃபைபர் பாளம் பாளமாக உரிந்து வரும்.

பலகை வாங்கும்போது கடைக்காரர் 'வாட்டர் ப்ரூஃப்' என்று சொன்னால் போதாது. ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 710 முத்திரை இருக்கிறதா என்று பலகையிலேயே பாருங்கள். அதுதான் மரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக் கூடாது என்பது அதன் சோதனை. ஐ.எஸ். 303 என்றிருப்பது வீட்டு அலமாரிக்கான சரக்கு. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: தண்ணீருக்கு அசையாமல் நிற்பது பசை. எந்த முத்திரை இருந்தாலும் பலகை மரம்தான், ஓரங்களை மூடாவிட்டால் தண்ணீர் இழுக்கும்.

8க்கு 4 அடி, 12 மி.மீ. பலகை ஒன்று, சுமார் 3 சதுர மீட்டர், என்று வைத்துக் கணக்குச் சொல்கிறோம். கீழ்ப்பக்கம் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு, மேல்பக்கம் இரண்டு அடுக்கு. மேட் 4 கிலோவுக்குச் சற்று மேல். மேட்டின் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும், அது 10 கிலோ. முதல் பூச்சு, ரெசினில் பொடி கலந்து குழைத்த புட்டி, மேட்டில் வெட்டிய இணைப்புப் பட்டைகள், சேதாரம் எல்லாம் சேர்த்து 15 அல்லது 16 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். ஐசோ (ஐசோப்தாலிக்) ரெசின் விலை கூடுதல், ஆனாலும் தண்ணீரைத் தாங்குவதில் ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு) ரெசினைவிட மேல்.

அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டுப் பலகையை அறுங்கள். சுற்றிலும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இடைவெளி இல்லாமல் நெருக்கிச் செருகினால் புட்டி இறங்க இடமிருக்காது. கீழ்ப்பக்கத்தையும் நான்கு ஓரங்களையும் தரையில் வைத்தே முடித்துவிடுங்கள், பொருத்திய பின் கை போகாது. முதல் பூச்சுக்கு ரெசினில் அதை இளக்கும் ஸ்டைரீனை 10 சதவீதம் வரை கலந்தால் மரத்துக்குள் இறங்கும். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேட்டை விரித்து, ரோலரால் காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்துங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் ரெசின் ஊறவில்லை என்று பொருள்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரின் கணக்கில்தான் பாதிப் படகுகள் கெடுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்கு 10 மி.லி. போதும். தை மாதக் காலைக் குளிரில் 20 மி.லி. வரை போகலாம். 10க்குக் கீழே போனால் அது எந்நாளும் முழுதாக இறுகாது. வெயில் அதிகமென்றால் ஹார்டனரைக் குறைத்துக்கொண்டே போகாமல் விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். வாளியில் மிஞ்சிய கலவை தானே சூடேறிப் புகையும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகச் சேர்ப்பவர்கள் அதை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே ஹார்டனரை ஊற்ற வேண்டும். இவை இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும்.

குறுக்குச் சட்டங்களின் மேலும் விளிம்பின் மேலும் புட்டியைத் தாராளமாக வைத்துப் பலகையை இறக்குங்கள். மேலே மணல் மூட்டைகளை அடுக்கினால் ஆணியே வேண்டாம். இறுக்கத் திருகாணி போட்டிருந்தால் காய்ந்ததும் கழற்றித் துளையைப் புட்டியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விட்ட இரும்பாணி துருவேறி, தண்ணீருக்கு வழி திறக்கும். பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் விரல் வளைவுக்குப் புட்டி தடவி, அதன்மேல் 10 செ.மீ. பட்டை ஒன்றும் 15 செ.மீ. பட்டை ஒன்றும் ஒட்டுங்கள். பழைய ஃபைபரில் பட்டை ஏறும் இடத்தை 40 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்திருக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, மாஸ்க் போடுங்கள்.

மெழுகு கலந்த ரெசின் கடைசிப் பூச்சுக்கு மட்டும்தான். மெழுகு இல்லாவிட்டால் மேல்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். மெழுகு ரெசினை இடையில் பூசினால் அடுத்த அடுக்கு ஒட்டாது. கால் வழுக்காமல் இருக்க இதன்மேல் சலித்த ஆற்று மணலைத் தூவுங்கள், கடல்மணல் வேண்டாம்.

இனி முதலில் சொன்ன ஓட்டைகளுக்கு வருவோம். 8 மி.மீ. போல்ட் போகும் இடத்தில் 16 மி.மீ. துளையிடுங்கள். அதை ரெசின் புட்டியால் முழுக்க அடைத்து, இறுகிய பின் நடுவில் 8 மி.மீ. துளையிட்டு, சீலன்ட் வைத்து 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டை முடுக்குங்கள். சீலன்ட் என்றைக்காவது விட்டுப்போகும். அப்போதும் தண்ணீர் புட்டியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஒரு துளைக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். புதுத்தளத்தின் ஆயுள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கூலியைக் குறைத்துப் பேசும்போது முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

படகைக் கரையேற்றும்போது அணியத்தை உயர்த்தி, பின்பக்க வடிகால் அடைப்பைத் திறந்து வையுங்கள். தார்ப்பாயைத் தளத்தோடு ஒட்டி இறுக்கிக் கட்டாமல், அடியில் காற்று போகும்படி கழி கொடுத்துத் தூக்கிக் கட்டுங்கள்.

படகுத்துறைகளில் வேலை எடுப்பவர்கள் பில்லில் பலகையின் ஐ.எஸ். எண், கனம், மேட் எத்தனை அடுக்கு என்பதை எழுதித் தர வேண்டும். மீனவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கீழ்ப்பக்கம் ஃபைபர் ஒட்டியாயிற்றா என்பதைத் தளத்தை மூடுவதற்கு முன் நேரில் பாருங்கள். மூடிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை.

இப்படிக்கு,
ஃபைபர் படகு பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
நாகப்பட்டினம்