வாய்க்குள் கழன்று விழும் பிரஷ் ஹெட்: புகார் கடிதம்

அனுப்புநர்
உங்கள் எலெக்ட்ரிக் டூத் பிரஷ்ஷின் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மாற்று பிரஷ் ஹெட் (தூரிகை உள்ள மேல்பாகம்) கைப்பிடியில் நீட்டியிருக்கும் கம்பியில் நிற்காமல் கழன்று விழுவது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71. நாற்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். ஐந்து வருஷமாகப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தில் சாதாரண பிரஷ்ஷால் அவருக்குப் பல் தேய்க்க வரவில்லை, ஈறு ஓரமெல்லாம் காரை கட்டிவிட்டது. எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கிக் கொடுங்கள், ஈறு ஓரமாக 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று பல் டாக்டர் சொன்னார். போன வருஷம் உங்கள் சோனிக் பிரஷ்ஷை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். பில் நகல் இணைத்திருக்கிறேன்.

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை, அதை மறைக்க மாட்டேன். அப்பாவே தனியாகப் பல் தேய்த்துக்கொண்டார். யாரையும் எதிர்பார்க்காமல் வாஷ் பேசின் முன்னால் அவர் நின்றது எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

நீங்கள் சொன்னபடியே மூன்று மாதம் ஆனதும் ஹெட்டை மாற்றினேன். இரண்டு ஹெட் உள்ள உங்கள் ஒரிஜினல் பாக்கெட், 650 ரூபாய். போட்ட அன்றே கடகடவென்று சத்தம். கம்பிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் அளவு இடைவெளி. அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஊசி ஆடினா தையல் விடும்லா" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. நிமிடத்துக்கு 31,000 அசைவு என்று டப்பாவில் போட்டிருக்கிறீர்கள். அதாவது நொடிக்கு ஐந்நூறுக்கு மேல். அவ்வளவு வேகமும் கம்பி வழியாகத்தான் தூரிகைக்குப் போக வேண்டும். பிடிப்பு தளர்ந்தால் பாதி அதிர்வு அந்த இடைவெளியிலேயே சத்தமாகப் போய்விடுகிறது, பல்லுக்கு வந்து சேர்வது மிச்சம்தான்.

பழைய ஹெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிரஷ்ஷோடு வந்த ஹெட்டின் குழிக்குள் ஒரு சின்ன ஸ்டீல் கிளிப் இருக்கிறது, கம்பியின் தட்டையான பக்கத்தை அதுதான் கவ்விப் பிடிக்கிறது. புதிதாக வாங்கியதில் அந்தக் கிளிப்பே இல்லை, வெறும் பிளாஸ்டிக். பாக்கெட்டின் மேல் மட்டும் 'புதிய மேம்படுத்தப்பட்ட வடிவம்' என்று அச்சடித்திருக்கிறது. இதில் எது மேம்பட்டது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சத்தத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் ஒருநாள் ராத்திரி ஹெட் அப்பாவின் வாய்க்குள் கழன்று விட்டது. பார்க்கின்சன் உள்ளவர்கள் பலருக்கு விழுங்குவதே சிரமம். எச்சிலும் நுரையும் சேர்ந்து அவருக்குத் துப்பவும் வரவில்லை, கூப்பிடவும் வரவில்லை. கையில் வெறும் கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இடித்த சத்தம் கேட்டு ஓடிப் போய் அவரைக் குனிய வைத்து, கடைவாயில் விரல் விட்டு எடுத்தேன். கம்பி பட்டு முன்பல் ஒன்றில் சில்லு பெயர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து பல் தேய்க்க நான் பக்கத்தில் நின்றாக வேண்டும். அவர் தனியாகச் செய்துகொண்ட ஒரு வேலையும் போய்விட்டது.

இப்படி நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை என நீங்கள் சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடும் ஒரு பிரஷ்ஷின் பாகங்கள் வாய்க்குள் கழன்று பல் உடைந்ததையும், மூச்சு அடைக்கும் ஆபத்தையும் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012லேயே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

உங்கள் கஸ்டமர் கேருக்கு மூன்று முறை பேசினேன். அழுத்தித் தேய்க்காதீர்கள் என்றார்கள். அப்புறம், ஹெட் தேய்ந்து போகும் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது என்றார்கள். கைப்பிடியை ஒருமுறைதான் வாங்குகிறோம், ஹெட்டை வருஷத்துக்கு நான்கு வாங்குகிறோம். எங்களிடம் நீங்கள் திரும்பத் திரும்ப விற்பதே ஹெட்டைத்தான். அதற்குப் பொறுப்பில்லை என்றால் எதற்குப் பொறுப்பு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது பழைய ஹெட்டிலும் இருந்த குறை. பேஸ்ட்டும் எச்சிலும் கம்பி வழியாக இறங்கி ஹெட்டின் குழிக்குள் போய்த் தங்குகிறது. எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் வேறு. ஒரு வாரம் கழற்றாமல் விட்டால் வெள்ளையாக இறுகிப் போகிறது, அடியில் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம், நாற்றம். இயர் பட்ஸை வெந்நீரில் நனைத்துக் குடைந்தால்தான் வருகிறது. வாயில் வைக்கிற சாமான் இது. கழற்றுவதற்குப் பிடிமானமும் கிடையாது, ஹெட் முழுக்க வழுக்குகிறது. என்னாலேயே முடியவில்லை, அப்பாவால் எப்படி முடியும்?

அந்த ஸ்டீல் கிளிப்பை மறுபடி வையுங்கள். ஹெட் சரியாக உட்கார்ந்ததும் 'டக்' என்று விரலுக்குத் தெரிய வேண்டும், நடுங்குகிற விரலுக்கும் தெரிய வேண்டும். அடிப்பக்கம் ஒரு ரப்பர் விளிம்பு கொடுத்தால் எச்சில் உள்ளே இறங்குவது குறையும். இறங்கினது வெளியே வர ஒரு சிறு துளை போதும். கழற்றுகிற இடத்தில் பேனா மூடிபோல நான்கு வரி வைத்தால் கை வழுக்காது. சட்டைக்குப் பட்டன் மாற்றுவதுபோல வேலைதான், இது முடியாத காரியம் இல்லை என்கிறார் அப்பா.

எனக்கு வேண்டியது இதுதான். மாற்று ஹெட்டுக்குக் கொடுத்த 650 ரூபாயையும் பல் டாக்டர் செலவையும் திருப்பித் தர வேண்டும். கிளிப் உள்ள பழைய வகை ஹெட் நான்கு அனுப்ப வேண்டும், அது இல்லையென்றால் பிரஷ்ஷின் முழு விலையையும் தர வேண்டும். கிளிப் இல்லாத பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கப் போகிறீர்களா என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

இரண்டு ஹெட்டின் உட்பக்கப் படங்களையும் டாக்டர் சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கழன்று விழுந்த ஹெட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆள் நேரில் வந்தால் காட்டுவேன், தபாலில் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்