எந்த அணிக்குப் போவார் என்று எழுதுவதற்கு முன்: என்பிஏ செய்தி எழுதும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றித் தமிழில் எழுதுகிற, பேசுகிற நண்பர்களுக்கு வணக்கம்.

ஜூன் கடைசி வாரம் வந்தால் உங்கள் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் ஒரே கேள்விதான்: ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரம் அடுத்து எந்த அணியில் கையெழுத்திடுவார்? கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை தேடும் வழிதான் எங்களுக்கு வருத்தம் தருகிறது. யாருடன் உணவகத்தில் உட்கார்ந்திருந்தார், எந்த ஊரில் வீடு பார்த்தார், யாருடைய படத்துக்கு விருப்பக்குறி போட்டார் என்று தொடங்கி, ஏதோ ஓர் அணியின் பெயரில் போய் முடிகிறது. அந்த அணியால் அவருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று சொல்லும் ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

முதலில் பார்க்க வேண்டியது சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி ஒரு பருவத்தில் தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு. 2025–26 பருவத்துக்கு அது 15.46 கோடி டாலர். இதைத் தாண்டவே கூடாது என்பதல்ல விதி. தன்னிடம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் வீரரை மீண்டும் எடுக்க அணி இந்த வரம்பைத் தாண்டலாம். லாரி பேர்டின் பெயரால் வழங்கும் 'பேர்ட் உரிமை' அதுதான். ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடும் பேசலாம் என்ற நிலையில்) அணி மாறாமல் 3 பருவம் ஆடியவருக்கு அது முழுமையாகக் கிடைக்கும். வெளியிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டுமானால் வரம்புக்குக் கீழே இடம் இருந்தாக வேண்டும். எவ்வளவு இடம்? 6 ஆண்டு வரை அனுபவம் உள்ளவர் வரம்பில் 25 சதவீதம் வரை கேட்கலாம், 7 முதல் 9 ஆண்டுக்கு 30, பத்தைத் தொட்டவருக்கு 35. ஆக, பத்தாண்டு ஆடிய நட்சத்திரத்துக்கு 2025–26இல் முதல் ஆண்டுச் சம்பளம் 5.41 கோடி வரை போகும். மற்ற எல்லாருடைய கணக்கையும் சுமார் 10 கோடிக்குள் அடக்கிய அணிதான் அதை முழுதாகக் கொடுக்க முடியும். அப்படிப்பட்ட அணிகள் எந்தக் கோடையிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

மற்ற அணிகளிடம் இருப்பது விதிவிலக்குத் தொகைகள், அதாவது வரம்பைத் தாண்டியும் வெளியாளுக்குத் தரலாம் என்று விதி அனுமதிக்கும் தொகைகள். அதே பருவத்தில் மிட்-லெவல் விதிவிலக்கு 1.41 கோடி. வரம்புக்கு மேலே 'ஏப்ரன்' என்று 2 எல்லைக்கோடுகள் உண்டு. 19.59 கோடியில் நிற்கும் முதல் ஏப்ரனைத் தாண்டிய அணிக்கு அது 57 லட்சமாகச் சுருங்கிவிடும். 20.78 கோடியில் இருக்கும் இரண்டாம் ஏப்ரனையும் தாண்டிவிட்டால் வெளியாளுக்குத் தரக் குறைந்தபட்சச் சம்பளம் மட்டுமே மிஞ்சும். ஆகவே 'இன்ன அணி இன்னாரைக் குறிவைக்கிறது' என்று எழுதும்போது, அந்த அணி இந்தப் படிகளில் எதில் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணியின் பெயரைப் போட்டால், 5 கோடி கேட்கக்கூடியவர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருவார் என்று எழுதுகிறீர்கள் என்று பொருள்.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்த வீரரின் சம்பளம் அணியின் கணக்கிலிருந்து அன்றே மறைந்துவிடாது. அவருடைய உரிமையை அணி கைவிடும்வரை ஒரு தொகை கணக்கில் உட்கார்ந்திருக்கும். இதற்குக் 'கேப் ஹோல்டு' என்று பெயர். முழு பேர்ட் உரிமையும் சராசரிக்கு மேல் சம்பளமும் உள்ளவருக்கு அது கடைசிச் சம்பளத்தின் 150 சதவீதம், அவருடைய உச்சச் சம்பளத்தைத் தாண்டாமல். '4 பேரின் ஒப்பந்தம் முடிகிறது, ஆகவே இவ்வளவு இடம்' என்று கழித்துப் போடுகிற கணக்கு தப்பாவது இங்கேதான். அந்த 4 பேரையும் விட்டுவிட்டால் மட்டுமே அந்த இடம் உண்டு.

இதே கேப் ஹோல்டை அணிக்குச் சாதகமாகத் திருப்பவும் முடியும். 2024 கோடையில் பால் ஜார்ஜ் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தின் வரம்பு 14.06 கோடி. ஃபிலடெல்ஃபியாவில் ஏற்கெனவே இருந்த ஜோயல் எம்பீட் ஒருவருக்கே 5.14 கோடி. பத்தாண்டைத் தாண்டிய ஜார்ஜுக்கு 35 சதவீதம், அதாவது 4.92 கோடி. அதே அணியில் ஒப்பந்தம் முடிந்திருந்த டைரீஸ் மேக்ஸிக்கு அவரது உச்சமான 3.51 கோடியை முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் மூவருக்குமே 13.57 கோடி போய்விடும், மற்ற எல்லாருக்கும் அரைக் கோடிகூட மிஞ்சாது. ஆனால் மேக்ஸி தன் முதல் ஒப்பந்தத்தின் சிறிய சம்பளத்தில் இருந்ததால் அவருடைய கேப் ஹோல்டு 1.30 கோடிதான். அணி அவருக்கு முந்தைய ஆண்டே நீட்டிப்புக் கொடுக்காமல் காத்திருந்தது. கணக்கில் மேக்ஸி 1.30 கோடியாக நிற்கும்போதே ஜார்ஜை வரம்புக்குள் எடுத்தார்கள், மற்ற இடங்களையும் நிரப்பினார்கள். அதன் பிறகு மேக்ஸிக்கு பேர்ட் உரிமையில் வரம்பைத் தாண்டி 5 ஆண்டுக்கு 20.4 கோடி. கையெழுத்து வரிசை மாறியிருந்தால் இது நடந்தே இருக்காது. ஃபிலடெல்ஃபியா மேக்ஸிக்கு நீட்டிப்புக் கொடுக்காத நாளிலேயே ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் ஓராண்டு முன்னதாகவே கண்டுகொண்டார்கள். வீடு வாங்கிய செய்தியைவிட இது எத்தனையோ மடங்கு நம்பத்தக்க குறி.

இதே கதையின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். ஜார்ஜ் 4.88 கோடி டாலர் பிளேயர் ஆப்ஷனை (ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டைத் தொடர்வதா என்பதை வீரரே முடிவு செய்யும் உரிமை) வேண்டாம் என்று சொல்லிப் போனதும், கிளிப்பர்ஸுக்கு அந்தப் பணம் கைக்கு வந்துவிட்டது, வேறு ஒருவரை எடுப்பார்கள் என்று சிலர் எழுதினார்கள். அவர் போன பிறகும் அந்த அணி வரம்புக்கு மேலேதான் இருந்தது. பேர்ட் உரிமை அந்த வீரரோடு மட்டும் ஒட்டியது, ஆள் போனால் அதுவும் போய்விடும். அவர்களுக்கு மிஞ்சியது மிட்-லெவல் போன்ற விதிவிலக்குத் தொகைகள்தான். நட்சத்திரத்தை வைத்திருக்கும் அணி அதிகமாகக் கொடுப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு விடையும் இதுதான்.

'இடமே இல்லை' என்று தீர்ப்புச் சொல்வதிலும் நிதானம் வேண்டும். இடத்தை உருவாக்க 3 வழிகள் உண்டு. ஒன்று, சம்பளத்தை வேறு அணிக்குத் தள்ளிவிடுவது. 2022இல் நியூயார்க் நிக்ஸ் கெம்பா வாக்கர், நெர்லன்ஸ் நோயல், அலெக் பர்க்ஸ் மூவரையும் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டு ஜேலன் பிரன்சனுக்கு 4 ஆண்டுக்கு 10.4 கோடி கொடுத்தது. இரண்டாவது, சைன் அண்ட் ட்ரேட். பழைய அணியே ஒப்பந்தம் போட்டுப் புதிய அணிக்கு மாற்றிக் கொடுப்பது. இதற்குப் பழைய அணியின் சம்மதம் வேண்டும், ஒப்பந்தம் 3 அல்லது 4 ஆண்டாக இருக்க வேண்டும், வாங்கும் அணி அந்தப் பருவம் முழுவதும் முதல் ஏப்ரனைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்லாமல் 'சைன் அண்ட் ட்ரேடில் முடித்துவிடலாம்' என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே சம்பளம் குவிந்த அணிக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும்.

மூன்றாவது வழி கடுமையானது: வீரரை விலக்கிவிட்டு, மீதிச் சம்பளத்தைப் பல ஆண்டுகளுக்கு நீட்டிப் போடுவது. 2025 ஜூலை 1 அன்று மில்வாக்கி பக்ஸ் செய்தது அதுதான். டேமியன் லில்லார்டுக்கு ஏப்ரலில் அகில்லஸ் தசைநார் அறுந்திருந்தது, ஒப்பந்தத்தில் இன்னும் 2 ஆண்டு, சுமார் 11.3 கோடி பாக்கி. மீதமுள்ள ஆண்டுகளை இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும் என்பது விதி, ஆக 5 ஆண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.25 கோடி. அந்தப் பருவத்தில் 5.41 கோடியாக இருந்திருக்க வேண்டிய சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த இடத்தில்தான், இண்டியானாவுக்காக இறுதிச்சுற்று ஆடி முடித்திருந்த மைல்ஸ் டர்னரை எடுத்தார்கள். அதற்கு முந்தைய நாள்வரை மில்வாக்கியிடம் அவருக்கான பணம் இருப்பதாக யாரும் எண்ணவில்லை. ஆனாலும் இதை எல்லா அணிக்கும் பொருத்திப் பார்க்க முடியாது: இப்படி நீட்டிப் போட்ட தொகைகள் ஓர் ஆண்டில் வரம்பின் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15.46 கோடிக்கு அது 2.32 கோடி. லில்லார்ட் கணக்கு அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் வந்து நின்றது.

பணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வீரரின் மனம் பற்றிய பேச்சு. அதிலும் முதலில் பார்க்க வேண்டியது அவர் எத்தனை ஆண்டு கேட்கிறார் என்பது. கவாய் லெனார்ட் 2019இல் டொரன்டோவை விட்டுப் போனபோது, அந்த நகரத்தில் வாழும் பல தமிழர்களுக்கும் அது நெஞ்சில் விழுந்த அடிதான். கோப்பை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை முதல் வாரத்தில் விமான நிலையத்திலிருந்து போன கறுப்பு வண்டிகளை ஹெலிகாப்டரில் துரத்திப் படம் பிடித்தார்கள். அந்த நாட்களில் எல்லாரும் சொன்ன வாதம் ஒன்று: டொரன்டோ 5 ஆண்டுக்கு 19 கோடி தரலாம், வேறு அணி 4 ஆண்டுக்கு 14.1 கோடிதான் தர முடியும், ஆகவே இருப்பார். இரண்டு எண்ணும் சரி. 10.91 கோடி வரம்பில் 30 சதவீதம் முதல் ஆண்டு, பழைய அணியில் 8 சதவீத ஏற்றம், புதிய அணியில் 5. ஆனால் வாதம் தவறு. 2011இல் ஆடத் தொடங்கிய அவருக்கு 2021இல் பத்தாண்டு நிறையும், அன்று 35 சதவீதப் படிக்குப் போய்விடலாம். அதனால் எந்த அணியிலும் 5 ஆண்டு அவருக்குத் தேவைப்படவில்லை. கிளிப்பர்ஸுடன் 3 ஆண்டு, 10.3 கோடி, மூன்றாம் ஆண்டு தன் விருப்பம் என்று கையெழுத்திட்டார். 2021இல் அந்த ஆண்டை உதறிவிட்டு அதே அணியில் 4 ஆண்டுக்கு 17.6 கோடி வாங்கினார். 'ஐந்தாம் ஆண்டுப் பணம்' என்ற வாதத்தை எழுதும்முன், வீரருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று எண்ணிப் பாருங்கள். 8 அல்லது 9 என்றால் குறுகிய ஒப்பந்தத்தை எதிர்பார்க்கலாம். 34 வயதில் நின்ற ஜார்ஜுக்கோ இது தலைகீழ்: அவருக்கு நான்காம் ஆண்டுதான் முக்கியம், கிளிப்பர்ஸ் மூன்றுக்கு மேல் போகத் தயங்கியது, ஃபிலடெல்ஃபியா கொடுத்தது.

லெனார்டின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் தனியாகப் போகவில்லை. ஒக்லஹோமாவிலிருந்து ஜார்ஜையும் கொண்டுவந்தால்தான் வருவேன் என்ற நிலை. அதற்குக் கிளிப்பர்ஸ் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டனிலோ காலினாரி, 5 முதல் சுற்றுத் தேர்வுகள் (லீக்குக்கு வரும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள்), 2 தேர்வு மாற்று உரிமைகள் எல்லாவற்றையும் கொடுத்தது. கையெழுத்தின் விலை சம்பளத்தோடு நிற்பதில்லை. அந்த ஷே 2025இல் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் கோப்பையும் வாங்கினார், அந்தத் தேர்வுகளில் ஒன்றில் ஒக்லஹோமா எடுத்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ்.

வரி பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை, கலிபோர்னியாவில் உச்ச விகிதம் 13 சதவீதத்துக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் 82 ஆட்டங்களில் 41தான் சொந்த ஊரில். வெளியூரில் ஆடும் நாட்களுக்கு அந்தந்த மாநிலம் வரி பிடிக்கும். 13 சதவீதமும் மிச்சம் என்று எழுதாதீர்கள்.

இனி நாட்கள். ஜூன் 30 கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 6 மணிக்குப் பிற அணிகளின் வீரர்களோடு பேசலாம். நமக்கு அது ஜூலை 1 அதிகாலை 3.30. தன் சொந்த வீரர்களோடு இறுதிச்சுற்று முடிந்த மறுநாளே பேச 2024 முதல் அனுமதி உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட ஜூலை 6 நண்பகல் வரை காத்திருக்க வேண்டும், நமக்கு இரவு 9.30. இடையில் வருவதெல்லாம் வாய்வார்த்தை. 2015இல் டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லாஸுக்கு வருவதாக ஜூலை 3 அன்று சொன்னார். கிளிப்பர்ஸ் வீரர்களும் பயிற்சியாளரும் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போனார்கள், கையெழுத்துக்கான தடைக்காலம் முடிந்த நள்ளிரவில் கிளிப்பர்ஸிலேயே கையெழுத்திட்டார். டல்லாஸ் அதற்குள் மற்ற சென்டர் நிலை ஆட்டக்காரர்களைத் தவறவிட்டிருந்தது. அதனால், அந்த நாட்களில் 'கையெழுத்திட்டார்' என்று போடாமல் 'ஒப்புக்கொண்டார்' என்று போடுங்கள். 3.30 அடித்த 2 நிமிடத்தில் முழு ஒப்பந்தம் வெளியானால், பேச்சு முன்பே நடந்திருக்கிறது என்று துணிந்து எழுதலாம். பிரன்சன் விவகாரத்தில் முன்கூட்டியே பேசியதற்காக நிக்ஸின் 2025 இரண்டாம் சுற்றுத் தேர்வை லீக் பறித்தது. வீரரோ நிக்ஸிலேயே இருந்தார்.

'ஆர்வம் காட்டுகிறது' என்ற சொல்லையும் எடை போட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்வம் காட்ட ஓர் அணிக்குச் செலவே இல்லை. ஏஜென்டுக்கு இரண்டாவது ஏலக்காரர் இருப்பதாகத் தெரிந்தால் போதும், முதல் அணி விலையை ஏற்றும். யார் சொல்லி வந்த செய்தி, அதனால் யாருக்கு லாபம் என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கண்ணில் படுகிறது. 212 மில்லியன் என்றால் 21.2 கோடி, 212 கோடி அல்ல. மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி. மொத்தத் தொகையோடு எத்தனை ஆண்டு, கடைசி ஆண்டு யாருடைய விருப்பம், முதல் ஆண்டு எவ்வளவு என்பதையும் அதே வரியில் கொடுத்துவிடுங்கள். முதல் ஆண்டுத் தொகை தெரிந்தால் மீதிக் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்களைத் தொடர்ந்து வாசிக்கும் கூடைப்பந்து ரசிகர்கள் சிலர்