பட்ட மரங்களை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த, உலகின் அரிய வாத்தினங்கள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தென் அமெரிக்காவின் கருந்தலை வாத்து, தனக்கென்று கூடு கட்டாமல் நாமக்கோழி முதலிய பறவைகளின் கூட்டில் முட்டையிட்டுச் செல்வதையும், அதன் குஞ்சு குயில் குஞ்சைப் போல் வளர்ப்புப் பெற்றோரை வாட்டாமல், பொரிந்த ஓரிரு நாளிலேயே தன் வழியே போய்விடுவதையும் கட்டுரையாளர் சுவைபட விளக்கியிருந்தார். ஆனால் பினாங்கு பெருநிலப் பகுதியில் நம் கண்ணுக்கே தென்படக்கூடிய குள்ளத்தாராவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது.

குள்ளத்தாரா, வாத்தினத்திலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. மைனாவைவிடச் சற்றே நீளம், அதாவது சுமார் 26 சென்டிமீட்டர். எடையோ சில வேளை 160 கிராம்தான். அதன் அறிவியல் பெயரான 'நெட்டாபஸ் கோரமண்டலியானஸ்' என்பதில் சோழமண்டலக் கரை ஒளிந்திருக்கிறது. நம் முன்னோரில் பலர் கப்பலேறிய கரையின் பெயரை, 1789 முதல் இந்தச் சிறு பறவை சுமந்து வருகிறது.

கெப்பாலா பத்தாஸ் பக்கம், வயலோரமாக அல்லி படர்ந்த குளம் ஒன்று உண்டு. அதன் கரையில் தலையற்று நின்ற ஒரு மொட்டைத் தென்னையின் பொந்திலிருந்து, சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில், கண்ணோரம் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு ஓடிய பழுப்பு முகம் ஒன்று எட்டிப்பார்த்தது. அது பெட்டை. கழுத்தில் கறுப்புப் பட்டையுடன் வெள்ளை வெளேரென்றிருந்த ஆண்பறவை கீழே அல்லி இலைகளுக்கிடையே நீந்திக்கொண்டிருந்தது. இவை மரப்பொந்தில்தான் முட்டையிடும். குஞ்சுகள் சிறகு முளைக்கும் முன்பே அந்த உயரத்திலிருந்து கீழே குதித்துவிடும். அதைக் காணும் ஆவலில் மறுபடியும் போனபோது தென்னை இல்லை. குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று கரையில் நின்ற பட்ட மரங்கள் அத்தனையையும் அறுத்துவிட்டு, சிமெண்டு இருக்கைகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

அந்தி வேளையில் வயல்களுக்கு மேல் விசிலடித்தபடி பறக்கும் சீழ்க்கைச் சிறகியும், மலாய்க்காரர்கள் 'பெலிபிஸ்' என்பார்களே அதுதான், மரப்பொந்தை நாடுவதுண்டு. பொந்து கிடைக்காவிட்டால் நாணற்புதரிலோ கொக்கின் பழைய கூட்டிலோ அது சமாளித்துக்கொள்ளும். அதனால் இன்றும் கூட்டங்கூட்டமாகக் காண்கிறோம். குள்ளத்தாராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அசாமில் இரவில் ஓலமிடும் குரலுக்காகத் 'தேவ் ஹான்ஸ்', அதாவது ஆவி வாத்து, என்று அழைக்கப்படும் வெண்சிறகுக் காட்டு வாத்துக்கும் இல்லை. பொந்துள்ள பெருமரங்கள் நிறைந்த சதுப்புக் காடுகளை நம்பி வாழும் அப்பறவை, அக்காடுகள் அழிந்ததோடு தீபகற்ப மலேசியாவிலிருந்து மறைந்துவிட்டதாகவே கருதப்படுகிறது.

ஆகவே, குளக்கரைகளைப் பராமரிப்போர், யார் தலையிலும் விழ வாய்ப்பில்லாத பட்ட மரங்களையாவது நிற்க விடவேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். நடைபாதையை ஒட்டிய மரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அதற்கு ஈடாக ஒரு கூட்டுப் பெட்டி வைக்கலாம். இது நமக்குப் புதிதன்று. எலிகளை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைக்கும் செம்பனைத் தோட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். வட அமெரிக்காவில் வேட்டையாலும் காடழிப்பாலும் அருகிப்போன மர வாத்து இனம் மீண்டதில், வேட்டைத் தடையோடு 1930களிலிருந்து வைக்கப்பட்ட இத்தகைய பெட்டிகளுக்கும் பங்குண்டு. நாலைந்து பலகையும் ஒரு கம்பமும் இருந்தால் போதும். கம்பத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டால் பாம்பும் உடும்பும் எளிதில் ஏறமாட்டா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
செபராங் பிறை, பினாங்கு.