கேமராவுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடும் வெயிலில் நடக்கும் வெளிப்புறப் படப்பிடிப்புகளில் கேமரா திடீரென எச்சரிக்கை காட்டி நின்றுபோவதும், எடுத்த காட்சியைப் பிறகு பெரிய திரையில் பார்க்கும்போது இருண்ட பகுதிகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிவதும், எல்லாவற்றுக்கும் வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவதும் வழக்கமாகிவிட்டன. பல ஆண்டுகள் கேமரா உதவியாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெயிலும் ஈரமும் செய்யும் கேட்டில் பெரும்பங்கு, நாம் கேமராவுக்கு நேரம் கொடுக்காததால் நேர்வது.

டிஜிட்டல் சினிமா கேமராக்களில் பலவற்றுக்கு, அவற்றைத் தயாரிப்பவர்கள் குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸோடு முடிந்துவிடுகிறது. சிலவற்றுக்கு 45 வரை உண்டு. இது சுற்றியுள்ள காற்றின் வெப்பம். நேர் வெயிலில் நிற்கும் கேமராவின் கறுப்பு நிற உடல் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும் என்பது, அதைத் தொட்டுத் தூக்கியவர்களுக்குத் தெரியும். கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரின் வெப்பம் ஆறிலிருந்து எட்டு டிகிரி ஏறும்போதெல்லாம், வெளிச்சமே படாமல் அதில் ஊறும் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நிழற்பகுதிகளில் தெரியும் நாய்ஸுக்கு இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு, ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று பல கேமராக்களில் டேக் ஓடும்போது உள்ளேயிருந்து குளிர்விக்கும் ஃபேனின் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம். அதனால் நீளமான டேக்குகள் முடிந்ததும் கேமராவை நிழலுக்குக் கொண்டுபோய் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுவது அவசியம். குடையும் வெள்ளைத் துணியும் நல்ல பாதுகாப்பு. ஆனால் துணியைக் காற்றுத் துவாரங்களின் மேல் போர்த்துவதும், மழை விட்ட பிறகும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வெயிலில் விடுவதும் கேமராவை வேகவைப்பதற்குச் சமம். இடைவேளையில் வியூஃபைண்டரின் கண்பகுதி சூரியனைப் பார்த்தபடி இருந்தால், அதிலுள்ள கண்ணாடி பூதக்கண்ணாடியைப் போல வேலை செய்து உள்ளேயிருக்கும் சிறு திரையைப் பொசுக்கிவிடும் என்பதையும் புதிதாக வரும் உதவியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

வெப்பம் உடனே தன்னைக் காட்டிக்கொள்கிறது, ஈரம் அப்படியில்லை. ஒரு விடியற்காலைப் படப்பிடிப்பு இன்னும் என் நினைவில் இருக்கிறது. இரவு முழுவதும் ஏசி அறையில் இருந்த கேமராவை நேரே வெளியே கொண்டுவந்து, பெட்டியைத் திறந்து, சூரிய உதயத்தைப் பிடிக்க வேண்டுமென்ற பதற்றத்தில் உடனே லென்ஸை மாட்டினோம். ஒரு நிமிடத்துக்குள் முன்கண்ணாடி வெண்மையாக மூடிக்கொண்டது. துடைத்தேன், துடைத்த இடத்திலேயே மறுபடியும் படிந்தது. வெளிப்பக்கம் ஒருவழியாகத் தெளிந்த பிறகும் மானிட்டரில் படம் பால் போலவே இருந்தது. லென்ஸின் பின்பக்கத்திலும் சென்சாருக்கு முன்னாலுள்ள கண்ணாடியிலும் நீர் படிந்திருந்ததுதான் காரணம். உதயம் கைநழுவிப் போனது. அதைவிட, உள்ளே எங்கெல்லாம் ஈரம் சேர்ந்திருக்கிறதோ என்ற கவலையோடுதான் அன்று முழுவதும் வேலை செய்தேன்.

இதன் கணக்கு எளிது. 33 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், சுமார் 29 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படிந்தே தீரும். ஏசி அறையிலிருந்து வரும் கேமராவோ 20 டிகிரியை ஒட்டி இருக்கும். பரிகாரமும் எளிதுதான். குளிர்ந்த அறைக்குள்ளேயே கேமராவையும் லென்ஸ்களையும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, அப்படியே வெளியே எடுத்துவந்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். நீர் பையின் மேல் படியும், கேமரா தப்பிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஆகும். பெரிய லென்ஸ் என்றால் ஒரு மணி நேரமும் ஆகலாம். பஞ்சுமெத்தை வைத்த பெட்டிக்குள் மூடியே வைத்திருந்தால் குளிர் இறங்க அதைவிட நேரமெடுக்கும்.

ஈரத்தோடு மூடிவைக்கும் லென்ஸுக்கு அடுத்த எதிரி பூஞ்சை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது வளரத் தொடங்கும்; கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்ட பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்தத் தடம் போகாது. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் அலமாரி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும், ஆனால் அதன் நிறம் மாறியதைக் கவனித்துச் சூடேற்றி உலர்த்த ஓர் ஆள் வேண்டும். நிறம் மாறி மாதக்கணக்கில் கிடக்கும் பொட்டலங்களைப் பல பெட்டிகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பேட்டரிகளை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் வைப்பதும், சூடு ஆறாமலே சார்ஜில் போடுவதும் அவற்றின் ஆயுளைக் குறைக்கும்.

இவை எதற்கும் பெரிய செலவு இல்லை, நேரம்தான் வேண்டும். அந்த நேரம் உதவியாளரின் கையில் இல்லை. ஆகவே தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் இயக்குநர்களுக்கும் என் வேண்டுகோள் இது: மறுநாளைக்கான அட்டவணையில் நடிகர்களின் ஒப்பனைக்கு நேரம் குறிப்பதைப் போலவே, முதல் ஷாட்டுக்கு முன் கேமரா வெளிக்காற்றுக்குப் பழகும் நேரத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். அந்த நேரம் முடிவதற்குள் பையைப் பிரிக்கச் சொல்லி உதவியாளரை யாரும் அவசரப்படுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கேமரா உதவியாளர் ஒருவர்