அடுத்தடுத்த மூன்று எண்கள்

அன்புள்ள கயல்விழி,

உங்கள் அலுவலகத்தில் ஏதோ ஓர் எண்ணிக்கை 4294967295 வரை ஏறி, சட்டென்று பூச்சியமாகிவிட்டது என்று போனில் அலுத்துக்கொண்டாய். 32 பிட்டுக்கு மேல் இடமில்லை, அவ்வளவுதான் என்றாய். கணக்கு வாத்தியாரம்மாவிடம் அப்படி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றலாமா?

அந்த எண் 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றும் 2-இன் ஏதோ ஓர் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது. அந்த அடுக்குகள் 1, 2, 4, 8, 16. 4294967295 பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையலாம் என்பது கோட்பாடு. வரைந்து பார்க்க ஆயுள் போதாது.

அடுத்தது 4294967296, 2-இன் 32ஆம் அடுக்கு. அதை நீயே அறிவாய்.

எனக்குப் பிடித்தது அதற்கும் அடுத்தது: 4294967297, அதாவது 2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது. மேலே சொன்ன ஐந்தையும் பார்த்துவிட்டு, அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640இல் நம்பினார் கணித அறிஞர் ஃபெர்மா. நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை மன்னிக்கலாம். 1729இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் ஒரு கடிதத்தில் இதைப் பற்றிச் சக கணித அறிஞர் ஆய்லரிடம் கேட்டார். 1732இல், இருபத்தைந்து வயது ஆய்லர் விடை சொன்னார்: 641 × 6700417.

இதைப் பிரிக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று பிற்பாடு அவரே நிறுவினார். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே எண் உடைந்துவிடுகிறது! ஃபெர்மா ஏன் முயலவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

வகுக்காமலும் காட்டலாம். கணினியை மூடிவிட்டுத் தாளை எடு. 641 = 5 × 128 + 1. ஆகவே 5 × 128-ஐ 641ஆல் வகுத்தால் மீதி மைனஸ் 1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அந்த அடுக்கு, 625-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியது. ஆனால் 641 = 625 + 16 என்பதால், 625 இருக்கும் இடத்தில் மைனஸ் 16-ஐ வைக்கலாம். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. ஆக, மைனஸ் குறியோடு 2-இன் 32ஆம் அடுக்கு மீதி 1 தருகிறது. அதாவது 2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

65537க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. அடுக்கு 1048576 ஆகும்போது வரும் எண்ணுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது பகு எண் என்று நிறுவியாகிவிட்டது. ஆனால் அதன் ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது.

உன் 4294967295 மட்டும் ஏன் அந்த ஐந்து எண்களின் பெருக்கலாக அமைந்தது? வர்க்க வித்தியாசச் சூத்திரம் போதும், பள்ளிக் கணக்குதான். விடையைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பு. அப்பா மாவடு ஊறப்போட்டிருக்கிறார். வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா