வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் அழிந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. படத்தில் இருப்பதோ பெரும்பாலும் வெளுத்த பவளம். அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. செத்துவிட்டதென்று எழுதிவிட்டால், காப்பாற்ற வாய்ப்புள்ள சில வாரங்களும் வீணாகின்றன.

பவள உயிரியின் சதைக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் தயாரிக்கும் உணவுதான் பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை ஈடுகட்டுகிறது. நிறத்தில் பெரும்பகுதியும் பாசி தருவதே. கடல் நீர் அளவுமீறிச் சூடாகி, வெயிலும் உறைக்கும்போது பாசிக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வகைகள் பெருகுகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. சதை கண்ணாடிபோல் ஆகி, அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பம் ஒரு வாரம் நீடித்தால் 1 புள்ளி. 2 டிகிரி என்றால் 2 புள்ளி. சேர்ந்து 4 ஆனால் வெளுப்பு தொடங்கும், 8 ஆனால் சாவு பரவலாகும். 2010, 2016 கோடைகளில் இங்கே பெரிய வெளுப்பு நடந்தது.

உயிர் இருக்கிறதா என்பதை நீருக்குள் பார்த்தே சொல்லலாம். வெளுத்த பவளத்தில் கண்ணாடிச் சதையும் குட்டி உணர்கொம்புகளும் தெரியும். செத்ததில் சில நாட்களிலேயே பழுப்பும் பச்சையுமாக நூல்பாசி படர்ந்துவிடும். படம் வெளியிடும்போது எடுத்த தேதியையும் இடத்தையும் போடுங்கள்; அதே இடத்தை செப்டம்பரில் இன்னொருமுறை எடுத்துப் போட்டால் எவ்வளவு மீண்டது என்று வாசகருக்குத் தெரியும். கிளையாகவும் தகடாகவும் வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா வகைப் பவளங்கள் முதலில் சாகும். உருண்டைக் கல்லாக வளரும் போரைட்டிஸ் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வது, இழந்தால் நம் காலத்தில் திரும்பாது.

வெளுத்த பவளம் பட்டினியில் இருக்கிறது. மேலே விழும் சேற்றைக் கோழை சுரந்து தள்ளுவதற்குக்கூட அதற்குத் தெம்பு குறைவு. சாதாரண நாளில் தாங்கும் கலங்கல் அப்போது கொல்லும். இங்குள்ள பவளமோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில்தான் இருக்கிறது. படகு விசிறி கிளப்பும் சேறே போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வெளுப்புக் காலத்தோடு ஏறக்குறையப் பொருந்தி வருவது நல்ல வாய்ப்பு. ஆனால் தடை விசைப்படகுகளுக்கு மட்டுமே. தீவுகளை ஒட்டி மீன்கூடு வைப்பது தொடர்கிறது. கூட்டுக்குப் பாரமாக வைக்கப் பவளக்கல்லை உடைக்கிறார்கள். கூட்டில் விழுவதோ பாறையின் பாசியை மேய்ந்து சுத்தமாக வைக்கும் ஓராவும் கிளிமீனும். இவை குறைந்தால் நூல்பாசி தழைத்துவிடும், புதிய பவளக் குஞ்சு ஒட்ட வெறும் கல் கிடைக்காது. சிறு மீனவரின் பிழைப்பை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. பாரத்துக்கு சிமென்ட் கட்டையை மானியத்தில் கொடுங்கள். அந்த இரண்டு மாதம் மட்டும் பார் (பவளப்பாறை) மேல் கூடு வைக்காதிருக்க ஈட்டுத்தொகை கொடுங்கள். சுற்றுலாப் படகுகளையும் அப்போது பார் மேல் விடக்கூடாது.

குருசடைத் தீவுப் பகுதியில் பவளத்தை மூடிப் படர்ந்த கப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசியை அகற்றும் வேலை மார்ச்சுக்கு முன்பே முடிய வேண்டும். பிய்த்து அங்கேயே விட்டால் விரல்நுனி அளவுத் துண்டும் மீண்டும் வளரும். பையில் அடைத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

பவளத் துண்டுகளைச் சட்டகங்களில் கட்டி நடும் பணிக்கும் பருவம் உண்டு. வெட்டுக்காயம் ஆறவும் அடியில் ஒட்டிப் பிடிக்கவும் பவளத்துக்கு ஆற்றல் வேண்டும். ஏப்ரல், மே, ஜூனில் நடுவது தாய்ப் பவளத்தையும் துண்டையும் சேர்த்து இழப்பதற்கே வழி. மார்ச் பௌர்ணமியை ஒட்டி அக்ரோபோரா முட்டையிடுவதால் அதற்குச் சற்று முன்னும் கிளை வெட்டக்கூடாது. கோடை தணிந்து, வெளுத்தவற்றில் நிறம் முழுதாகத் திரும்பிய பிறகு, அந்தக் கோடையைத் தாங்கி நின்ற பவளங்களிலிருந்து துண்டு எடுக்க வேண்டும். நடவு ஒப்பந்தங்கள் நிதியாண்டு முடிவை வைத்துத் தேதி குறிப்பதை வனத்துறை அனுமதிக்கக் கூடாது.

— கடலுயிரியல் படித்த வாசகர்,
மண்டபம்