எஃகு வீடுகள் ஏழோடு நின்றது வெயிலால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆயத்த வீடுகள் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் உள்ள எஃகு வீடுகளைப் பற்றி, ‘பாலைவனத்தில் இரும்பு வீடு கட்டிப் பார்த்தார்கள், ஏழோடு நின்றுவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். தகரக் கொட்டகையில் மே மாதத்தைக் கழித்த நம் வாசகர்கள் இதைப் படித்தால், வெயில் தாங்காமல்தான் கைவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நடந்தது அப்படியல்ல. இரும்புக் கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

அந்த வீடுகளை வடிவமைத்தவர் டொனால்ட் வெக்ஸ்லர். கூட்டாளி ரிச்சர்ட் ஹாரிசன். பாம் ஸ்பிரிங்ஸில் கோடை வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெயிலில் மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். கரையான் தொல்லை வேறு. அதனால் பாலைவனத்துக்கு எஃகும் கான்கிரீட்டும் கண்ணாடியும்தான் சரி என்பது வெக்ஸ்லரின் முடிவு. பொறியாளர் பெர்னார்ட் பெர்லினோடு சேர்ந்து முதலில் பள்ளி வகுப்பறைகளில் எஃகுப் பலகைகளைப் பயன்படுத்திப் பார்த்தார். வீடுகள் அதற்கு அப்புறம்தான்.

சுவரைப் பாருங்கள். வெளியே மெல்லிய எஃகுத் தகடு, நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு, உள்ளே ஜிப்சம் பலகை. வெயில் படுவது தகட்டின் மேல். வீட்டுக்குள் இருப்பவர் தொடுவது ஜிப்சத்தை. நம் ஊர்க் கொட்டகையில் இருப்பது ஒற்றைத் தகடு மட்டும்தான். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது நியாயமில்லை. போதாததற்குக் கூரையை நன்றாக வெளியே நீட்டி, கண்ணாடிக் கதவுகளுக்கு நிழல் கொடுத்திருக்கிறார்.

கட்டிய விதமும் அழகு. சமையலறையும் குளியலறைகளும் அடங்கிய நடுப்பகுதி முழுவதும் தொழிற்சாலையிலேயே தயாராகி லாரியில் வந்தது. தரையில் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் கிரேனால் இறக்கி வைத்து, அதைச் சுற்றிச் சுவர்களை நிறுத்தினார்கள். வீடு ஒவ்வொன்றும் சுமார் 1,400 சதுர அடி. எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கக் கூடாது என்று சிலவற்றுக்குத் தட்டைக் கூரை, சிலவற்றுக்கு மடிப்பு மடிப்பான கூரை வைத்தார்கள். ஆயத்த வீடு என்றாலே வரிசையாக ஒரே மாதிரிப் பெட்டிகள்தான் என்று நம்மவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூரைகள்தான் நினைவுக்கு வரும்.

இவற்றைக் கட்டி விற்றது, அந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டிய அலெக்சாண்டர் நிறுவனம். போட்ட திட்டம் 38 வீடுகள். 1962-இல் 7 வீடுகள் முடிந்த நிலையில் எஃகு விலை ஏறிவிட்டது. மர வீட்டோடு விலையில் போட்டி போட முடியாது என்று ஆனதும் மீதி 31 வீடுகள் வரைபடத்தோடு நின்றன. காரணம் விலைதான். வெயிலும் அல்ல, வடிவமைப்பும் அல்ல.

அந்த ஏழும் இன்றைக்கும் நிற்கின்றன என்பதையாவது கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். 2001-இல் நகராட்சி அவற்றை வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்தது. 2012-இல் இரண்டாம் எண் வீடு அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. 2015-இல் காலமான வெக்ஸ்லர், இந்த இரண்டையும் தன் கண்ணால் பார்த்துவிட்டார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கட்டுரையாளர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்தப் பொருளில் தமிழில் எழுத முன்வந்ததே பெரிய விஷயம். ஒரு வேண்டுகோள் மட்டும்: இதைப் பற்றி மறுபடி எழுதும்போது, வெளிப்புறப் புகைப்படத்தோடு நிறுத்தாமல் அந்தச் சுவரின் குறுக்குவெட்டுப் படத்தையும் போடுங்கள். நம் ஊரில் ஷெட் போடும் மேஸ்திரிகளும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு.